நாளை நடப்பதைச் சொல்லும் ‘இஃப்’ வாக்கியத்தில் இறந்தகாலம் ஏன்?

கேள்வி:
ஆங்கில நிபந்தனை வாக்கியங்களின் மூன்று வகைகளையும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுவேன். ஆனால், நானாக ஒரு வாக்கியம் எழுதும்போது எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று பிடிபடுவதில்லை. ‘இஃப் ஹீ கம்ஸ் டுமாரோ’ சரி, ‘இஃப் ஹீ கேம் டுமாரோ’ என்பதும் சரி என்கிறார்கள். நாளை நடக்கவிருப்பதற்கு இறந்தகால வினை எப்படிப் பொருந்தும்? எதிர்காலம்தானே என்று ‘இஃப் ஹீ வில் கம்’ என எழுதினால் அதையும் அடித்துவிடுகிறார்கள். யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 1:
அங்கே ‘கேம்’ காலத்தைக் காட்டவில்லை. சொல்பவர் அந்த நிகழ்ச்சியை நடக்கக்கூடியதாகக் கருதுகிறாரா, வெறும் கற்பனையாகக் கருதுகிறாரா என்பதையே காட்டுகிறது. தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ‘இஃப் ஐ வின், ஐ வில் பில்ட் எ ஸ்கூல்’ என்பார். தேர்தலில் நிற்கும் எண்ணமே இல்லாத ஒருவர், ஒரு பேச்சுக்காக, ‘இஃப் ஐ வன், ஐ வுட் பில்ட் எ ஸ்கூல்’ என்பார். தேர்தல் முடிந்து தோற்றவர் சொல்வதோ ‘இஃப் ஐ ஹேட் வன், ஐ வுட் ஹேவ் பில்ட் எ ஸ்கூல்’.

தமிழில் முதல் இருவருக்கும் ‘வென்றால்’ போதும். மூன்றாமவருக்குத்தான் ‘வென்றிருந்தால்’ வேண்டும். ஆகவே நமக்குத் தடுமாற்றம் வருவது முதல் இரண்டு வகைகளுக்கு இடையில்தான். ‘நாளை வென்றால்’ என்பதிலும் இறந்தகால அடியே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அதை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை!

மறுமொழி 2:
‘வில்’ பற்றி: எதிர்காலத்தை முதன்மைத் தொடர் சுமந்துகொள்வதால், ‘இஃப்’ தொடருக்கு நிகழ்காலமே போதும். விதிவிலக்கும் உண்டு. ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் த மேனேஜர்’ என்பதில் வரும் ‘வில்’ இசைவைக் குறிப்பது, காலத்தை அல்ல. பணிவாகக் கேட்டுக்கொள்ளும்போது அப்படிச் சொல்வார்கள். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று பேச்சில் கேட்டிருப்பீர்கள். எழுத்தில் ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்றே எழுதுங்கள்.

மறுமொழி 3:
மூன்று வகைகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பீ இன் லண்டன் நவ்’ என்பதில் நிபந்தனை கடந்த காலத்தையும், விளைவு இன்றைய நிலையையும் பற்றியது. ‘வுட் ஹேவ் பீன்’ என்று இங்கே எழுதினால் ‘நவ்’ ஒட்டாது. பாடநூல்கள் இந்தக் கலப்பு வகையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன என்பது என் குறை.

கேட்டவர்:
மிக்க நன்றி. முயன்று பார்த்தேன்: ‘இஃப் ஐ நோ ஹிஸ் நம்பர், ஐ வுட் கால் ஹிம்.’ அவருடைய எண் என்னிடம் இல்லை என்பதே நான் சொல்ல வந்தது.

மறுமொழி 1:
எண் உங்களிடம் இல்லை என்றால் ‘நோ’ அல்ல, ‘நியூ’: ‘இஃப் ஐ நியூ ஹிஸ் நம்பர், ஐ வுட் கால் ஹிம்.’ பின்பாதி சரியாகவே இருக்கிறது.