கூண்டில் சிவிங்கிப்புலி பெருகாததற்குக் காரணம் மரபணுவா, வளர்ப்பு முறையா?

நீலமலைக்காரன் (கேள்வி):
உயிரியல் பூங்காக்களில் சிங்கமும் புலியும் கருத்தடை செய்து கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்குக் குட்டி போடுகின்றன. சிவிங்கிப்புலியோ, அரசர்கள் வேட்டைக்காகப் பழக்கி வளர்த்த காலம் தொட்டு மனிதரிடம் இருந்தும் அண்மைக்காலம் வரை ஏறக்குறைய மலடாகவே இருந்துள்ளது. அவற்றுக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதையே பல கட்டுரைகள் காரணமாகக் காட்டுகின்றன. காரணம் அது ஒன்றுதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கால்நடை மாணவி:
மரபணுவை முதல் குற்றவாளியாக்குவது சரியன்று என்பது என் கருத்து. அதே மரபணுக்களைக் கொண்ட காட்டுச் சிவிங்கிப்புலிகள் ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனுகின்றன. விந்தணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உருக்குலைந்திருப்பதும் காட்டு ஆணுக்கும் கூண்டு ஆணுக்கும் பொதுவானதே.

கோளாறு நாம் அவற்றை அடைத்து வைத்த முறையில்தான் இருந்தது. காட்டில் ஆண்கள், பெரும்பாலும் உடன்பிறந்தவை, கூட்டாகத் திரிய, வளர்ந்த பெண் தனித்தே வாழ்கிறது. பூங்காக்காரர்களோ ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஆண்டு முழுவதும் ஒரே அடைப்பில் விட்டுக் காத்திருந்தார்கள். அப்படி எப்போதும் கண்ணெதிரே இருக்கும் துணையின்மேல் இந்த விலங்குக்கு நாட்டமே எழுவதில்லை. பெண்கள் சிலவற்றை ஒன்றாக அடைத்தாலும் சினைப்பருவச் சுழற்சி அடங்கிவிடுவதுண்டு. அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் இருந்தும், தோட்டங்களில் அவிழ்த்துவிட்டும் அவை இணையவில்லை என்றும், தம் காலத்தில் ஓர் ஆண் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு தானாகவே ஒரு பெண்ணைத் தேடிச் சென்றதில் 3 குட்டிகள் பிறந்தன என்றும் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்குப்பின் கூண்டில் நிகழ்ந்ததாகப் பதிவான அடுத்த ஈற்று 1956-இல் பிலடெல்பியா பூங்காவில் நிகழ்ந்தது.

திருப்பம் 1971-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கப்பட்ட டி வில்ட் சிவிங்கிப்புலி வளர்ப்பு மையத்தில் ஏற்பட்டது. அங்கே பெண்களைத் தனித்தனி அடைப்புகளில் வைத்து, வேலியை ஒட்டிய நடைபாதையில் ஆண்களை நடத்திச் செல்வார்கள். பெண்ணின் சினைப்பருவம் வெளியே எளிதில் தெரியாது. ஆனால் ஆண் வேலியோரம் மோப்பம் பிடித்து, விட்டுவிட்டுக் குரைப்பது போல ஒலி எழுப்பினால் வேளை வந்துவிட்டது என்று புரியும். அப்போதுதான் இரண்டையும் சேர்ப்பார்கள்.

பழைய காப்பாளர்:
மாணவி சொல்வது இனப்பெருக்கத்துக்குப் பொருந்தும்; பிழைத்திருப்பதற்குப் பொருந்தாது. உறவில்லாத இரு சிவிங்கிப்புலிகளிடையே தோலை மாற்றி ஒட்டியும் உடல் அதை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒத்திருக்கின்றன. 1982-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பூங்கா ஒன்றில் பூனைக் கொரோனா வைரஸ் புகுந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட சிவிங்கிப்புலிகள் மடிந்தன. அதே பூங்காவில் இருந்த சிங்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குட்டி பிறந்த பிறகும் நிம்மதி கிடையாது. ஒற்றைக் குட்டி ஈன்ற தாய்க்கு, பால் குடிக்கும் தூண்டல் போதாமல், பால் வற்றிவிடும். வேறொரு தாய் அதே சமயத்தில் ஈன்றிருந்தால் அதன் குட்டிகளோடு இதையும் சேர்த்துவிடுவது வழக்கம்.

நீலமலைக்காரன்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், ஈரானில் மட்டும் எஞ்சி, அழிவின் விளிம்பில் இருக்கும் ஆசியச் சிவிங்கிப்புலியை இம்முறைகளால் மீட்க இயலுமா?

கால்நடை மாணவி:
ஈரான் முயன்று பார்த்தது. 2022 மே மாதம் தூரான் காப்பகத்தில் அறுவைச் சிகிச்சை வழியே 3 குட்டிகள் பிறந்தன. தாய் அவற்றை ஏற்கவில்லை. இரண்டு விரைவிலேயே இறந்தன. காப்பாளர்கள் புட்டிப்பால் ஊட்டி வளர்த்த பீரூஸ் என்னும் மூன்றாவது குட்டி 2023 பிப்ரவரியில், பத்து மாத வயதில், சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தது. காட்டில் எஞ்சியவை 12 என்றும், அவற்றில் பெண் 3 என்றும் அந்நாட்டு அதிகாரிகளே 2022-இல் கூறியிருந்தனர். டி வில்ட் முறைக்குப் பல ஆண்களும் பல பெண்களும் வேண்டும்; குட்டியை மாற்றிச் சேர்க்க இன்னொரு தாய் வேண்டும். ஈரானில் இவை எதுவும் இல்லை. 2020-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் பூங்காவில் சோதனைக்குழாய்க் கருவை வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்து இரு குட்டிகளைப் பெற்றார்கள் என்பதால், ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியை வாடகைத் தாயாக்கும் யோசனையை முற்றாகத் தள்ள மாட்டேன். ஆயினும் அந்தக் கருவுக்கு வேண்டிய முட்டையும் எஞ்சியிருக்கும் ஒருசில பெண்களிடமிருந்துதானே வர வேண்டும்?