ஆர்.வி.ஜி. படத்தில் ஏ.ஐ. போடும் சொத்தைக் குறியை எவ்வளவு நம்பலாம்?

தேனி_டென்டல்:

வணக்கம். இரண்டு நாற்காலி உள்ள சின்ன கிளினிக். ஆர்.வி.ஜி., அதாவது வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே: சைஸ் 2 சென்சார், சுவரில் மாட்டிய எக்ஸ்ரே. பைட்விங் படத்தை (கடித்தபடி எடுக்கும், பல் இடுக்கைக் காட்டும் படம்) படித்துச் சொத்தை இருக்கும் இடத்தில் சிவப்புக் கட்டம் போடும் ஏ.ஐ. மென்பொருள் ஒன்று சோதனைக்கு ஓடுகிறது. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்.

ஒன்று, கீழ்க் கடைவாய்ப் பற்களின் கழுத்திலும் பழைய ஃபில்லிங்கின் ஓரத்திலும் அடிக்கடி கட்டம் விழுகிறது. வாயில் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. கோளாறு மென்பொருளிலா, எடுக்கும் படத்திலா? இரண்டு, எனாமலோடு, அதாவது பல்லின் வெளி அடுக்கோடு, நிற்கும் குறிக்கு என்ன செய்வது? திரையில் சிவப்பைப் பார்த்ததும் நோயாளியே "அடைச்சிடுங்க டாக்டர்" என்கிறார். மூன்று, செல்போனோடு இணையும் ஸ்மார்ட் பிரஷ்ஷை யாருக்குச் சொல்லலாம்?

எக்ஸ்ரே_மேசை:

வணக்கம் டாக்டர். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு இடமும் படத்தில் பொய்க் கருமை விழும் இடங்கள்.

கழுத்துப் பகுதியில் எனாமல் முடிந்துவிடுகிறது, எலும்பு இன்னும் தொடங்கவில்லை. இடையில் உள்ள அந்தப் பட்டையில் கதிரைத் தடுக்க ஆளில்லாததால் ஆப்பு வடிவத்தில் கருப்பாக விழும். இதுதான் செர்விகல் பர்ன்அவுட். எக்ஸ்போஷர் நேரம் கூடினால் இன்னும் கறுக்கும். சரிபார்க்க எளிய வழி உண்டு: அதே பல் தெரியும் வேறு கோணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பர்ன்அவுட் கோணம் மாறினால் மறையும் அல்லது உருமாறும்; சொத்தை அதே இடத்தில் நிற்கும். ஈறும் எலும்பும் இறங்காத இளம் வயதுக்காரருக்கு வேர்ச்சொத்தை வர வாய்ப்பு குறைவு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மென்பொருளுக்கு அவர் ஈறு இறங்கியிருக்கிறதா என்பது தெரியாது.

ஃபில்லிங் ஓரத்துக்கு வேறு காரணம். சென்சாரோடு வரும் மென்பொருளில் "ஷார்ப்பன்" ஃபில்டர் பெரும்பாலும் தானாகவே ஓடும். அமால்கம் (வெள்ளி நிற ஃபில்லிங்), உலோகக் கேப் போன்ற பளிச்சென்ற வெள்ளையை ஒட்டி அது ஒரு மெல்லிய கருப்புக் கோட்டை உண்டாக்கிவிடும். பார்க்க ஃபில்லிங்குக்கு அடியில் புதுச் சொத்தை போலவே இருக்கும். ஃபில்டரை அணைத்து மூலப்படத்தை அனுப்புங்கள். கட்டம் காணாமல் போனால் அது ஃபில்டர் போட்ட கோடு. காம்போசிட்டுக்கு (பல் நிற ஃபில்லிங்) அடியில் அதை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் தேங்கி உறைந்திருந்தாலும் இப்படித் தெரியும். அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும், சொத்தையின் ஓரம் மங்கலாகக் கரையும்.

இன்னொரு பெரிய காரணம் பக்கவாட்டுக் கோணம். கதிர் தொடுமுகத்தின் (இரண்டு பல் ஒட்டும் பக்கம்) ஊடே நேராகப் போகாவிட்டால் இரண்டு பல்லின் எனாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எனாமல் அகலத்தில் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் அந்த முகத்தைப் பற்றி மனிதரும் சொல்ல முடியாது, ஏ.ஐ.யும் சொல்லக் கூடாது. ஆனால் பல மென்பொருள்கள் "படிக்க முடியவில்லை" என்று சொல்வதில்லை. குறியே போடாமல் விட்டுவிடும். நாம் சொத்தை இல்லை என்று எடுத்துக்கொள்வோம். அதிகப்படியாக விழும் கட்டத்தைவிட எனக்கு இந்த மௌனம்தான் பயம். வளையம் உள்ள ஹோல்டர் பயன்படுத்துங்கள், முன்கடைவாய்ப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் தனித்தனிப் படம் எடுங்கள். ஒரே படத்தில் எல்லாத் தொடுமுகமும் திறந்து விழுவது அரிது.

வேர்_முதல்:

இரண்டாவது கேள்விக்கு முன்னால் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு 1000 பல்முகங்களில் 50இல் சொத்தை என்று வையுங்கள். மென்பொருள் உண்மையான சொத்தையில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல முகங்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடுகிறது என்றால், சரியான கட்டம் 40, தவறான கட்டம் 95. மொத்தம் 135 கட்டத்தில் 95 நல்ல பல்லின் மேல்! வாயைப் பேணும், சொத்தை குறைந்த நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக்கில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். விளம்பரத் தாளில் உள்ள சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இப்போது ஆழம். ஈ1, ஈ2 என்றால் எனாமலின் வெளிப்பாதி, உள்பாதி. டி1 என்றால் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் வெளி மூன்றிலொரு பங்கு, டி2 அதன் நடுப் பங்கு. ஈ1, ஈ2இல் மேற்பரப்பு பெரும்பாலும் உடைந்திருக்காது. டி1இல் உடைந்தும் இருக்கலாம், உடையாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே அதைக் காட்டாது. டி2 தாண்டினால் பெரும்பாலும் குழி விழுந்திருக்கும். டிரில்லை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழிதான்.

குழி விழாத பக்கவாட்டுச் சொத்தைக்கு அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டி 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை தடவச் சொல்கிறது. ரெசின் இன்ஃபில்ட்ரேஷனையும், அதாவது சொத்தைக்குள் ரெசின் திரவத்தை ஊறவிட்டு அடைப்பதையும், சொல்கிறது. வார்னிஷ் தடவும் முன் அந்த இடுக்கில் ஃப்ளாஸ் விட்டுச் சுத்தம் செய்து, காற்றடித்து, பிறகு வார்னிஷ் தோய்த்த ஃப்ளாஸை இழுத்துவிடுங்கள். மேலாகப் பூசினால் தொடுமுகத்துக்குள் போகாது.

டி1 சந்தேகமாக இருந்தால் இரண்டு பல்லுக்கு நடுவில் ஆர்த்தோவில் (பல்வரிசை சீராக்கும் சிகிச்சை) பயன்படும் செப்பரேட்டர் ரப்பர் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்லுங்கள். எடுத்தபின் கிடைக்கும் இடைவெளியில் நேராகப் பார்க்கலாம். காற்றடித்து உலர்த்திப் பாருங்கள். கூரான எக்ஸ்ப்ளோரரைக் குத்தினால் மிச்சமிருக்கும் எனாமலும் உடையும், பந்துமுனை ப்ரோபை மெதுவாகத் தடவினால் போதும். சில ரூபாய் ரப்பர் செய்யும் இந்த வேலையை எந்த ஏ.ஐ.யும் செய்வதில்லை.

நோயாளிக்கு முதலில் கட்டமில்லாத படத்தைக் காட்டி, நீங்கள் பார்த்ததைச் சொல்லி, பிறகு கட்டத்தைக் காட்டுங்கள். சிவப்பு நிறமே பயத்தைக் கிளப்புகிறது. ஈ1, ஈ2க்கு மஞ்சள், டென்டினுக்கு மட்டும் சிவப்பு என்று அமைப்பில் மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஒருமுறை டிரில் பட்ட பல் வாழ்நாள் முழுக்க ஃபில்லிங், பெரிய ஃபில்லிங், கேப் என்று போகும். அந்தப் பாதையில் ஒரு பல்லைத் தள்ளும் முன் இவ்வளவு நிதானம் நியாயம்தான்.

தேனி_டென்டல்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஷார்ப்பன் அணைத்ததும் ஃபில்லிங் ஓரக் கட்டங்கள் பெரும்பகுதி போய்விட்டன. புதிதாக ஒன்று: அறிக்கையில் பல் எண் சில நேரம் தவறாக வருகிறது. படங்களை வாட்ஸ்அப்பில் எடுத்து வேறு கணினியில் ஏற்றுவதாலா?

கோடும்_பல்லும்:

வாட்ஸ்அப்பை முதலில் நிறுத்துங்கள் சார். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். ஈ1 அளவு மாற்றமெல்லாம் அந்தச் சுருக்கத்திலேயே கரைந்து போகும். நோயாளியின் படம் யார் யார் போனில் கிடக்கும் என்ற கவலை தனி. சென்சார் மென்பொருளிலிருந்து டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பாக நேரடியாக அனுப்புங்கள். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுவதும் கூடாது.

எண் தவறுவதற்கு மூன்று காரணம் பாருங்கள். முதலாவது, படம் இடவலம் புரண்டிருப்பது. நம் எஃப்.டி.ஐ. முறையில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது பல்லின் வரிசை; எனவே 36 போய் 46 ஆகும். அடுத்தது, ஆர்த்தோவுக்காக முன்கடைவாய்ப் பல் பிடுங்கியவர்கள்; இடைவெளி மூடிவிட்டதால் 5ஐ 4 என்று எண்ணிவிடும். கடைசியாக உள்ளதுதான் ஆபத்து: அமெரிக்க மென்பொருள் 1 முதல் 32 வரை எண்ணும் முறையில் இருக்கலாம். அதில் 14 என்றால் மேல் இடது முதல் கடைவாய்ப்பல், நம் முறையில் 26. நம் முறையில் 14 என்பதோ மேல் வலது முன்கடைவாய்ப்பல்! அமைப்பில் எஃப்.டி.ஐ. முறைக்கு மாற்றிவிட்டு, உதவியாளர் அறிக்கையிலிருந்து நேரடியாக எண்ணை எழுதாமல் வாயோடு ஒப்பிட்டு எழுதட்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஏற்கெனவே திறந்து ஆழம் தெரிந்த பற்களின் பழைய பைட்விங் ஒரு ஐம்பதையும், நல்ல பற்களின் படங்களையும் கலந்து, முதலில் நீங்கள் படித்து எழுதிவையுங்கள். பிறகு மென்பொருளுக்குக் கொடுங்கள். வரிசை மாறக் கூடாது. கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் அங்கேயேதான் போகும். உங்கள் சென்சாரில் உங்கள் நோயாளிகளிடம் கிடைக்கும் எண்ணிக்கைதான் உங்களுக்கு வேண்டியது.

பல் எக்ஸ்ரே படிக்கும் ஏ.ஐ. மென்பொருள்களான ஓவர்ஜெட் 2021இலும் பேர்ல் 2022இலும் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதி பெற்றபோதும் அவை பல்மருத்துவருக்குத் துணைக்கருவி என்றே பெற்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நோய் கண்டறியும் மென்பொருளும் மருத்துவக் கருவிக் கணக்கில்தான் வருகிறது. விற்பவரிடம் தயாரிப்பு உரிமமோ இறக்குமதி உரிமமோ கேளுங்கள், படங்கள் எந்த நாட்டு சர்வரில் சேமிக்கப்படுகின்றன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வேர்_முதல்:

மூன்றாவது கேள்வி விட்டுப்போயிற்று. ஸ்மார்ட் பிரஷ்ஷில் உண்மையில் பயன்படும் உறுப்பு அழுத்த உணரி. அழுத்தித் தேய்த்து ஈறு இறங்கியவர்கள், பல் கழுத்தில் பள்ளம் விழுந்தவர்கள், கம்பி போட்ட பிள்ளைகள், கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள பெரியவர்கள், இவர்களுக்குச் சொல்லலாம். ஓரல்-பி ஐஓ 0.8 முதல் 2.5 நியூட்டன் வரை பச்சை விளக்கு காட்டும், மீறினால் சிவப்பு. அதாவது சுமார் 80 முதல் 250 கிராம் எடை. வாங்க முடியாதவர்கள் சமையலறைத் தராசின் மேல் சாதா பிரஷ்ஷை அழுத்திப் பார்த்து 150 கிராம் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

செயலியில் வரும் வாய் வரைபடத்தை அதிகம் நம்ப வேண்டாம். பிரஷ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்படி அசைகிறது என்பதை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது. நடந்துகொண்டே தேய்த்தாலோ தலையைக் குனிந்தாலோ தவறும். இழைகள் ஈறு விளிம்பைத் தொட்டதா என்பது அதற்குத் தெரியாது; இரண்டு பல்லுக்கு நடுவே பிரஷ் போவதே இல்லை. நீங்கள் கேட்ட ஈ1, ஈ2 சொத்தைகள் தொடங்குவது அங்கேதான். செயலியில் 100 சதவீதம் வாங்கியவருக்கும் இடைப்பல் பிரஷ்ஷோ ஃப்ளாஸோ எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை படிவை நிறமாற்றிக் காட்டும் மாத்திரை போட்டு, செயலி முழுசு என்று காட்டிய இடத்தில் படிவு மிச்சமிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.