‘உறுதிவரம்பு’: வேளாண் இறக்குமதி வரி குறித்து அரசுகள் கொடுத்த வாக்கைத் தமிழில் எப்படிச் சுட்டுவது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உலக வர்த்தக அமைப்பின் ஆவணங்களில் ‘பவுண்ட் டாரிஃப்’ என்று வழங்கும் சொல்லுக்கு இதுவரை இவ்விழையில் நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: கட்டுப்பட்ட வரி, பிணைப்பு வரி, உச்சவரம்பு வரி, பவுண்ட் வரி. வேளாண் வணிகம் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்க்கும் வேலையில் இந்த நான்கையும் ஒருமுறையேனும் எழுதிப் பார்த்தவன் நான். நான்கும் வெவ்வேறு இடங்களில் என் காலை வாரிவிட்டன. கடைசிப் பரிந்துரையை இங்கேயே ஒதுக்கிவிடலாம். தமிழில் பவுண்ட் என்றால் இங்கிலாந்து நாணயம் அல்லது எடை என்றே படிப்பவர் நினைப்பார். ஏனைய மூன்றும் அவ்வளவு எளிதாகத் தள்ளத்தக்கவை அல்ல.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருளின் இறக்குமதிக்கு இன்ன அளவுக்கு மேல் வரி விதிக்க மாட்டேன் என்று ஒரு நாடு ஏனைய உறுப்பு நாடுகளுக்கு வாக்களித்து, தன் சலுகைப் பட்டியலில் பதிந்துவைத்த அளவுதான் இது. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் விதிக்கலாம், விதிக்காமலே விடவும் செய்யலாம். மேலே போக வேண்டுமானால், சுங்கவரிகளையும் வணிகத்தையும் பற்றிய பொது உடன்பாடான காட் ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவின்படி, அந்த வாக்கைப் பேரம் பேசிப் பெற்ற நாட்டோடும் அப்பொருளை முதன்மையாக அனுப்பும் நாடுகளோடும் மறுபடி பேசி, வேறு பொருள்களில் ஈடு கொடுத்து, பட்டியலைத் திருத்த வேண்டும். ஆகவே, நாம் தேடும் சொல்லுக்குள் ஒரு மேல் எல்லையும் ஒரு வாக்குறுதியும் இருக்க வேண்டும். அந்த வாக்குறுதி விலை கொடுத்தால் மாற்றத்தக்கது என்பதற்கு முரணாகவும் அச்சொல் ஒலிக்கக் கூடாது.

இந்த மூன்றாவது பண்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அரிசி. 1995 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தம், இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு, குறைந்தபட்ச இறக்குமதி விலை, ஏறியிறங்கும் தீர்வை முதலிய பழைய தடுப்புகளை விலக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் சாதாரணச் சுங்கவரி ஒன்றையே வைக்கச் சொன்னது. அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணமாகக் காட்டி அளவுக் கட்டுப்பாடுகளை வைத்திருந்த இந்தியா, அவற்றை உடனே நீக்காமல், தன் பட்டியலில் பெரும்பாலும் விளைபொருள்களுக்கு 100 விழுக்காடு, பதப்படுத்திய பொருள்களுக்கு 150, சமையல் எண்ணெய்களுக்கு 300 என்று உயரமான எண்களைப் பதிந்தது. ஆனால் அரிசி, மக்காச்சோளம், சோளம், கொழுப்பு நீக்கிய பால்பொடி ஆகியவற்றின் எதிரே இருந்த எண் 0. காட் ஒப்பந்தத்தின் தொடக்கக் காலச் சுற்றுகளில் கொடுத்த வாக்கு அது. அளவுக் கட்டுப்பாடு என்னும் மதகு மூடியிருந்தவரை அந்த 0 யாரையும் உறுத்தவில்லை. வரி இல்லாவிட்டால் என்ன, உரிமம் இல்லாமல் ஒரு மூட்டைகூட உள்ளே வர முடியாதே.

1997இல் அமெரிக்கா இக்கட்டுப்பாடுகளை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 1999 ஆகஸ்டில் அதன் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்த 1,429 இனங்களின் மீதான கட்டுப்பாடுகள் இரண்டு தவணைகளில் நீக்கப்பட்டு, 2001 ஏப்ரல் 1 அன்று கடைசித் தவணையும் முடிந்தது. மதகு திறக்கப்போகிறது என்று தெரிந்ததுமே பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்த 0 விழித்துக்கொண்டது. 1999–2000 காலத்தில் இந்தியா 28ஆம் பிரிவின்கீழ் பேச்சு நடத்தி, தீட்டிய அரிசிக்கு 70 விழுக்காடு, நெல்லுக்கு 80 விழுக்காடு என்று திருத்திக்கொண்டது. பால்பொடிக்கு 60 விழுக்காடு கிடைத்தது. ஆனால் ஆண்டுதோறும் முதல் 10,000 டன்னை 15 விழுக்காட்டு வரியில் உள்ளே விட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இவற்றுக்கு ஈடாக வேறு பொருள்களில் சலுகைகளும் தரப்பட்டன.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘உச்சவரம்பு’ என்றதும் தமிழ்நாட்டில் எவருக்கும் நினைவுக்கு வருவது 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம். அந்த உச்சவரம்பு அரசு குடிமக்களுக்கு விதித்தது. இங்கே அரசு பிறருக்குத் தானே கொடுத்த வாக்கு இருக்கிறது. விதித்தவர் யார், கட்டுப்படுபவர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. மேலும், “அரிசிக்கு உச்சவரம்பு 0” என்று எழுதிப் பாருங்கள்: உச்சவரம்பே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வரி போடலாம் என்று படிக்கவும் இடமிருக்கிறது. உண்மையோ அதற்கு நேர் எதிர்.

‘கட்டுப்பட்ட வரி’ என்னும் பரிந்துரை ஆங்கிலச் சொல்லின் அமைப்பை அப்படியே பின்பற்றுகிறது. வேளாண்மை பற்றிய எழுத்தில் ‘கட்டு’ என்பதற்கு ஏற்கெனவே ஓர் ஆழமான தடம் உண்டு. கட்டுப்படியாகும் விலை என்பது உழவர் சங்கங்களின் அன்றாடக் கோரிக்கை. ஒரே பத்தியில் கட்டுப்படியாகும் விலையும் கட்டுப்பட்ட வரியும் வந்தால், உழவருக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு விதித்த வரி என்று ஒருவர் பொருள்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘பிணைப்பு வரி’க்கும் இதே வகைத் தொல்லைதான். சுங்கத் துறையில், வரி கட்டாமல் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை வைத்திருக்கும் கிடங்கோடு பிணைப்பு என்னும் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இவையெல்லாம் சிறு குறைகள் என்று ஒருவர் சொல்லலாம். பெரிய குறை மூன்றுக்கும் பொதுவானது: மூன்றுமே ‘வரி’ என்று முடிகின்றன. தமிழில் தொகைச்சொல்லின் கடைசி உறுப்புத்தான் பொருளின் இனத்தைச் சொல்கிறது. வீட்டுவரி ஒரு வரி, தொழில்வரி ஒரு வரி. அந்த வரிசையில் ‘கட்டுப்பட்ட வரி’யை வைத்தால் அதுவும் எங்கோ வசூலாகும் ஒரு வரி என்று ஆகிவிடும். எந்தத் துறைமுகத்திலும் அப்படி ஒரு வரி வசூலிக்கப்படுவதில்லை. வசூலாகும் வரி வேறு. இது அந்த வரி தாண்டக் கூடாத கோடு.

இந்தப் பிழையின் விளைவை நேரே கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில், பாமாயிலுக்கு இந்தியாவின் கட்டுப்பட்ட வரி 300 விழுக்காடு என்று எழுதியிருந்தேன். அச்சில் இடம் பற்றாமல் யாரோ ‘கட்டுப்பட்ட’ என்பதை வெட்டிவிட்டார்கள். “பாமாயிலுக்கு இந்தியா 300 விழுக்காடு வரி விதிக்கிறது” என்ற பொருளில் அது வெளிவந்தது. எண்ணெய் வணிகம் செய்யும் வாசகர் ஒருவர் அழைத்து, “அப்படி வரி போட்டிருந்தால் நான் எப்போதோ கடையைச் சாத்தியிருப்பேனே, ஐயா” என்றார். வெட்டியவரை நான் நோகவில்லை. அடைமொழியை உதிர்த்தால் பொய்யாகிவிடும் சொல்லைக் கொடுத்தவன் நான்தான். ‘உறுதிவரம்பு 300 விழுக்காடு’ என்று எழுதி, ‘உறுதி’ வெட்டுப்பட்டிருந்தாலும் ‘வரம்பு 300 விழுக்காடு’ என்று உண்மை மிஞ்சியிருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு ‘உறுதிவரம்பு’. உறுதிமொழி கொடுத்து ஏற்றுக்கொண்ட வரம்பு என்பது விரிவு. ‘பவுண்ட் ரேட்’ என்று விழுக்காட்டைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘உறுதிவரம்பு வீதம்’ என்றும், எந்த வாக்கும் கொடுக்கப்படாத பொருளை ‘உறுதிவரம்பற்ற பொருள்’ என்றும் சொல்லலாம். 0 என்னும் எண்ணோடு சேரும்போதும், ‘உறுதி’ என்னும் முன்னொட்டு அது கொடுக்கப்பட்ட வாக்கு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குழப்பம் முற்றிலும் தீர்ந்ததாகச் சொல்ல மாட்டேன், குறைகிறது.

‘வரி’யைச் சொல்லிலிருந்து நீக்குவதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. காட் ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவின்படி, பட்டியலில் பதிந்த அளவு சுங்கவரிக்கு மட்டும் உரியதன்று. இறக்குமதியின் மீது வேறு பெயரில் விதிக்கும் தீர்வைகளும் கட்டணங்களும், பட்டியலில் தனியே பதியப்பட்டிருந்தாலன்றி, அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தியாவின் உறுதிவரம்பு 50 விழுக்காடு. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வேளாண் உட்கட்டமைப்பு வளர்ச்சித் தீர்வை என்று புதிதாக ஒன்று வந்தபோது, ஆப்பிளின் அடிப்படைச் சுங்கவரியை 15 ஆகக் குறைத்து, புதிய தீர்வையை 35 ஆக வைத்தார்கள். கூட்டினால் 50. எல்லை ஒன்று, அதற்குள் வரிகள் இரண்டு. இதைக் ‘கட்டுப்பட்ட வரி’ என்று ஒருமையில் சொன்னால் இந்த இரண்டில் எது என்ற கேள்வி எழும். இமாச்சல ஆப்பிள் விவசாயிகள் வரியை 100 விழுக்காடாக உயர்த்தக் கேட்பதும், அது ஒரு நிதிநிலை அறிக்கையில் தீர்கிற காரியமாக இல்லாததும் இதே கோட்டினால்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அன்பர், ‘வரி’யா ‘தீர்வை’யா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும் என்றும், இலங்கையில் சுங்கத் தீர்வை என்பதே வழக்கு என்றும் சுட்டியிருந்தார். அவர் சொல்வது சரி. ஆனால் வரம்பைத் தொகைச்சொல்லின் கடைசி உறுப்பாக வைத்துவிட்டால் அந்தக் கேள்வியை இச்சொல்லுக்காகத் தீர்க்க வேண்டிய தேவை எழாது. இலங்கை தன் வேளாண் பொருள்களுக்குப் பதிந்த அளவு 50 விழுக்காடு. உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் போன்றவற்றுக்கு அங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கப்பட்டு வந்தது. அது பெயரில் வரியுமன்று, தீர்வையுமன்று. உறுதிவரம்பு விழுக்காட்டிலும் அறவீடு ரூபாயிலும் இருப்பதால் ஒரு நுட்பமான சிக்கல் வருகிறது: உலகச் சந்தையில் வெங்காய விலை பாதியானால், ரூபாய்க் கணக்கில் மாறாத அறவீடு விழுக்காட்டுக் கணக்கில் இரட்டிப்பாகும். விலை விழும்போதுதான் யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளருக்குக் காப்பு அதிகம் தேவைப்படுகிறது. அப்போதுதான் வரம்பும் நெருங்கி வருகிறது.

வரம்பு என்னும் சொல்லுக்கு அவ்வூர்ப் பேச்சில் வயல் வரம்பு என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் வரப்பு என்கிறோம். வேளாண் பாதுகாப்புப் பற்றிய சொல்லுக்கு வயலிலிருந்தே ஓர் உறுப்புக் கிடைப்பதை நான் கூடுதல் வரவாகவே கொள்கிறேன்.

இந்த வரம்புப் படிமம் அடுத்த சொல்லுக்கும் வழிகாட்டுகிறது. உறுதிவரம்புக்கும் நடைமுறையில் வசூலாகும் வரிக்கும் இடையே உள்ள வெளியை ஆங்கிலத்தில் வரியிலுள்ள ‘தண்ணீர்’ என்கிறார்கள். தமிழில் அது பொருந்தாது. வயலில் நின்று பார்த்தால் வசூலாகும் வரிதான் நீர்மட்டம். இடைவெளி என்பது நீருக்கு மேலே நனையாமல் நிற்கும் வரப்பு. எனவே அதை ‘மீதிவரம்பு’ என்றும், வசூலாவதை ‘நடப்பு வரி’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. வேளாண் பொருள்களில் இந்தியாவின் சராசரி உறுதிவரம்பு 113 விழுக்காடு. சராசரி நடப்பு வரி அண்மை ஆண்டுகளில் 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்திருக்கிறது. ஆக, மீதிவரம்பு 70க்கும் மேல்.

சராசரியை நம்பி ஏமாறவும் கூடாது. ஆப்பிளுக்கு மீதிவரம்பு 0. சோயா எண்ணெய்க்கு உறுதிவரம்பு 45 விழுக்காடுதான். 2018 ஜூனில் சுத்திகரித்த சோயா எண்ணெயின் வரி 45ஐத் தொட்டு நின்றது. பாமாயிலுக்கு 300 வரை இடமிருப்பதாகத் தோன்றினாலும், சமையலறையில் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்பதால், பாமாயில் வரியை மட்டும் மிக உயர்த்தினால் சோயா எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயை நியாய விலைக் கடைகளில் விற்கக் கேட்கும் தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகளுக்கு, 300 என்ற எண்ணைவிட 45 என்ற எண்தான் கவனிக்கத்தக்கது.

‘உறுதிவரம்பு’ மீது எனக்கே ஓர் ஐயம் உண்டு. ‘உறுதி’ என்றால் அசையாதது என்றும் பொருள்படும்; 28ஆம் பிரிவின்படி அசைக்கத்தக்க ஒன்றுக்கு அது முரண் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ‘வாக்குவரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தேர்தல் குறுக்கே வந்தது. ‘ஏற்புவரம்பு’ என்றால் உணவில் எஞ்சும் பூச்சிக்கொல்லி அளவைச் சொல்வது போல் இருக்கிறது. ‘ஒப்புவரம்பு’ மோசமில்லை, ஆனால் ஒப்பு என்பதைச் சமம் என்று படிப்பவர்களே மிகுதி. உறுதி கூறுதல், உறுதி அளித்தல், உறுதிப்பத்திரம் ஆகிய வழக்குகள் வலுவாக இருப்பதால், வாக்கு என்ற பொருளே இறுதியில் மேலோங்கும் என்று கருதுகிறேன்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் கீழ்க்காணும் வாக்கியங்களில் அதைப் பொருத்தி, உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். “அரிசிக்கு 0 விழுக்காடாக இருந்த உறுதிவரம்பை இந்தியா 70 ஆக உயர்த்திக்கொண்டது.” “ஆப்பிளில் மீதிவரம்பு இல்லை.” “அறவீடும் தீர்வையும் சேர்ந்து உறுதிவரம்பைத் தாண்டலாகாது.” முதல் வாக்கியத்தில் ‘உயர்த்திக்கொண்டது’ என்ற வினை உங்கள் சொல்லோடு இயல்பாக ஒட்டினால், என் ‘உறுதி’யை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன், ‘வரம்பை’ மட்டும் விடுவதாக இல்லை.

அன்புடன்,
இவ்விழையைத் தொடங்கியவன்