எழுதி வைத்த குறிப்பு எங்கே போச்சு?

ஹட்டனில் இருந்து:
வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளர், "இந்தச் செலவை ஏன் வாகனக் கணக்கில் போட்டீர்கள்?" என்று கேட்டார். காரணம் இருந்தது, எழுதியும் வைத்தேன். எங்கே என்பதுதான் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்டேனா, கூகுள் கீப்பிலா, மேசையில் ஒட்டிய மஞ்சள் துண்டிலா? முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் கரண்ட் பில்லின் பின்பக்கம் கிடைத்தது: "அவர் சொன்னபடியே போடவும்." எவர் சொன்னார், என்ன சொன்னார்? என் கையெழுத்துதான், எனக்கே விளங்கவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். புது ஆப் பெயர் மட்டும் வேண்டாம், போனில் ஏற்கனவே ஐந்து இருக்கிறது.

பண்டாரவளையில் இருந்து:
மன்னிக்கணும் அண்ணன், ஒரு ஆப் பெயர் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் குறிப்பு எல்லாம் இணையம் இருந்தால் மட்டும் திறக்கிற ஒன்றில் கிடந்தது. கரண்ட் போனால் ரவுட்டர் போகும், கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போகும். லெப்டொப்பில் மூன்று மணி நேரத்துக்குச் சார்ஜ் இருக்கிறது, வேலையும் இருக்கிறது, குறிப்பு மட்டும் இல்லை. இப்போது எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள், என் லெப்டொப்பிலேயே. ஒப்சிடியனில் எழுதுகிறேன். நாளைக்கு அந்த ஆப்பே இல்லாமல் போனாலும் அதே கோப்பை நோட்பேடில் திறக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை பென் டிரைவில் ஒரு பிரதி, அவ்வளவுதான்.

கண்டியில் இருந்து:
நான் ஆய்வு மாணவன். நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் சுமார் 90,000 காகித அட்டைகளை எண் போட்டுக் கோத்து வைத்திருந்தார் என்று வாசித்ததும் எனக்கும் பித்துப் பிடித்தது. மூன்று மாதம் நிறம் கொடுத்தேன், டேக் போட்டேன், குறிப்புக்குக் குறிப்பு இணைப்புப் போட்டு வலை மாதிரிப் படம் வரவைத்தேன். பார்க்க அழகோ அழகு. மேற்பார்வையாளர் "அத்தியாயம் எங்கே?" என்று கேட்ட அன்று என்னிடம் இருந்தது நானூறு சொச்சம் குறிப்புகளும் இரண்டு பக்கமும்.

அந்த நானூறில் முக்கால்வாசி வெட்டி ஒட்டியது. லூமன் வாசித்ததைத் தன் வார்த்தையில் எழுதினார். அப்புறம் இது பெட்டியில் எந்த அட்டைக்குப் பக்கத்தில் சேரும் என்று யோசித்து எண் போட்டார். வேலையே அந்த யோசிப்புத்தான், பெட்டி இல்லை. இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாலு வரி எழுதுகிறேன். மூடியபின் எழுத வரவில்லை என்றால் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசிக்க வேண்டியதுதான்.

ஹப்புத்தளையில் இருந்து:
25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை மணியை வைத்துக் கண்டுபிடித்த பொமொடோரோ முறை. அவர் வீட்டில் என் அம்மா இல்லை. பத்தாவது நிமிடத்தில் "சும்மாதானே குந்தியிருக்க, கடைக்குப் போயிட்டு வா" என்று குரல் வரும். கடைசியில் ஹெட்போன்தான் காப்பாற்றியது. பாட்டு ஒன்றும் இல்லை, சும்மா மாட்டியிருப்பேன். அம்மாவுக்கு அது காதில் இருந்தால் மகன் ஒபிசில் இருக்கிறான்.

தலவாக்கலையில் இருந்து:
தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி, கூடவே பென்சில். பேனை என்றால் மழையில் மை கரைந்துவிடுமாம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் யார் யார் எந்த மலைக்கு, எத்தனை பேர் கொழுந்துக்கு, எத்தனை பேர் புல்லு வெட்ட என்று எழுதுவார். பகல் முழுக்க அதில் கிறுக்கல்தான், அவரைத் தவிர யாருக்கும் விளங்காது. அந்திக்கு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் அதை ஒவ்வொரு வரியாக செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு மாற்றுவார். மாற்றிய வரிக்கு ஒரு கோடு. கோடு விழாத வரி மிச்சம் இருந்தால் படுக்க மாட்டார். அந்த ஒரு வரி யாரோ ஒருத்தருடைய அன்றைய பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விட்டுப்போனால் அவருக்குச் சம்பளத்தில் குறையும்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுகிறேன். எனக்கும் காலையில் ஐந்து நிமிடம் பெரட்டு உண்டு: இன்றைக்கு மூன்று வேலை, எது முதலில். பகலில் கொப்பியில் கிறுக்கல். நாலரைக்குக் கணினிக்கு மாற்றிக் கோடு. தேதி, ஆள், காரணம் மூன்றும் இல்லாத வரியை மாற்றுவதில்லை. உங்கள் கரண்ட் பில்லில் இல்லாததும் அதுதான் அண்ணன்.

நுவரெலியாவில் இருந்து:
பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்குப் போயா லீவு ஒரு மணி நேரம், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற மாதிரி, குறிப்புகளுக்குக் கவ்வாத்து. அழிப்பதில்லை, 'பழசு' என்று ஒரு கோப்புறை இருக்கிறது, அதற்குள் போகும். முதல் தடவை, கவ்வாத்து வெட்டின மலை மாதிரி எல்லாம் மொட்டையாகத் தெரிந்து கொஞ்சம் பயந்தேன். இதுவரை 'பழசை' இரண்டே தடவைதான் திறந்திருக்கிறேன்.

ஹட்டனில் இருந்து, மறுபடியும்:
இரண்டு வாரமாகத் தலவாக்கலை அக்கா சொன்னபடி கொப்பி, பென்சில். போன வெள்ளிக்கிழமை நானுஓயாவுக்கு ரயிலில் போகும்போது ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். பாதிப் பேச்சில் சிங்கமலைச் சுரங்கம், சிக்னல் போச்சு. அதுவரை சொன்னதை இருட்டிலேயே தேதி, ஆள், காரணத்தோடு எழுதினேன். வரி கோணல், ஆனால் விளங்குகிறது. கொட்டகலை ஸ்டேசனில் திரும்ப எடுத்துப் பேசியபோது "எங்கே விட்டோம்?" என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

அந்தக் கரண்ட் பில் சங்கதிக்கும் விடை கிடைத்தது. பழைய மின்னஞ்சலைத் தோண்டினேன். வாகனக் கணக்கில் போடச் சொன்ன அந்த 'அவர்' வேறு யாருமில்லை, ஏன் போட்டீர்கள் என்று கேட்ட அதே வாடிக்கையாளர்தான்.