காரில் துப்பாக்கியை விட்டு வைக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெக்சஸில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். க்ரீன் கார்டு வந்த பிறகு ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்கினேன். துப்பாக்கி வாங்குகிறவர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, வாரம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகி, எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே என்று அதைக் காரின் கிளவ் பாக்ஸில் வைத்துவிட்டேன். வீட்டை விடக் கார்தான் பாதுகாப்பு என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

சட்டமும் தடுக்கவில்லை. டெக்சஸில் சொந்தக் காரில் கைத்துப்பாக்கியை மறைவாக வைத்துக்கொள்ள 2007-லிருந்தே தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் 1-க்குப் பிறகு, வயதும் தகுதியும் உள்ளவர் இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடமாடவும் லைசென்ஸ் வேண்டாம். சட்டம் விடுகிறது என்றால் ஆபத்து இல்லை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அது ஒரு பிப்ரவரி மாதம். முந்தின நாள் இரவு இரண்டு கையிலும் மளிகைப் பைகளோடு இறங்கினேன். அப்புறம் வந்து பூட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே போனவன், மறந்து தூங்கிவிட்டேன். காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகக் கதவைத் திறந்தால், சீட் முழுக்கக் காகிதம். இன்சூரன்ஸ் கார்டு, பழைய சர்வீஸ் ரசீது, மகளின் ஹேர் கிளிப். கப் ஹோல்டரில் இருந்த சில்லறை அப்படியே இருந்தது. கறுப்புக் கண்ணாடியையும் தொடவில்லை. கிளவ் பாக்ஸ் மட்டும் வாயைத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன், இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும்.

எதிர்வீட்டுக்காரரின் காமிராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. தொப்பி போட்ட ஸ்வெட்டரில் ஒரு பையன் வரிசையாக ஒவ்வொரு காரின் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வருகிறான். கண்ணாடியை உடைக்கவில்லை, சத்தமில்லை. பூட்டியிருந்தால் அடுத்த காருக்குப் போகிறான். என் கார் திறந்துகொண்டது. உள்ளே பதினோரு நொடி இருந்தான். பலமுறை ஓட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.

வந்த போலீஸ்காரர் முதலில் கேட்டது சீரியல் நம்பர். என்னிடம் இல்லை. வாங்கின பெட்டியை வீடு மாறும்போது தூக்கிப் போட்டிருந்தேன். துப்பாக்கி விற்ற கடைக்காரர் 4473 படிவத்தை வைத்திருந்ததால் மதியத்துக்குள் நம்பர் கிடைத்தது. அதைத் தேசியக் குற்றத் தகவல் பதிவில் ஏற்றினார்கள். அந்த நம்பர் பதிவில் இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி எங்கே கிடைத்தாலும் அது திருடுபோனது என்று போலீசுக்கு உடனே தெரியாது.

பதினான்கு மாதம் கழித்து வேறு ஊரிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி கூப்பிட்டார். ஒருவரைத் தொடையில் சுட்டிருக்கிறார்கள், பிழைத்துவிட்டார், சுட்டது என் துப்பாக்கி. சுட்டவனுக்கு என்ன வயது என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

என் அசட்டையால் அபூர்வமாக நடந்த ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப். கணக்கு சொல்கிறது. துப்பாக்கி வன்முறையை எதிர்க்கும் எவ்ரிடவுன் என்ற அமைப்பு, ஊர்கள் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பிய 2022-ஆம் ஆண்டு விவரங்களை அலசியபோது, திருடுபோனவற்றில் பாதிக்கு மேல் கார்களிலிருந்து போனவை. அதிலும் அதிகம் போனது வீட்டு வாசலில் நிறுத்திய கார்களிலிருந்து. நாம் இருட்டான பார்க்கிங் இடத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம்.

2015 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நிறுத்தியிருந்த காரிலிருந்து ஒரு ஃபெடரல் ரேஞ்சரின் கைத்துப்பாக்கி திருடுபோனது. நான்கே நாளில், ஜூலை 1 அன்று, கடலோர மேடையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் அதிலிருந்து வந்த குண்டால் இறந்தார். துப்பாக்கியைப் பறிகொடுத்தவர் பயிற்சி பெற்ற அதிகாரி. 2017-லிருந்து கலிஃபோர்னியாவில், காரை விட்டுப் போகும்போது கைத்துப்பாக்கியை டிக்கியிலோ, கண்ணில் படாத பூட்டிய பெட்டியிலோதான் வைக்க வேண்டும். கொலராடோவிலும் 2025 தொடக்கத்திலிருந்து பூட்டிய கெட்டியான பெட்டி கட்டாயம். டெக்சஸில் அப்படிக் கட்டாயம் இல்லை. நாமே கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களில் காரில் வைத்திருப்பவர்களும், வைத்திருந்து விட்டவர்களும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

*

அண்ணா, எங்கள் வீட்டில் திருடன் வரவில்லை. பிரேக்தான் போட்டோம்.

என் கணவர் டிரைவர் சீட்டுக்கு அடியில் உறையோடு வைத்திருப்பார். அது எனக்கும் தெரியும். ஒரு நாள் அவருடைய காரை நான் எடுத்துப் போனேன். பின்னால் கார் சீட்டில் என் மகன், அப்போது மூன்று வயது. முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, நானும் அழுத்தி மிதித்தேன். அடுத்த சிக்னலில் கிளம்பும்போது காலுக்குக் கீழே ஏதோ உருண்டு பின்பக்கம் போன சத்தம். தண்ணீர் பாட்டில் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மகன் சொன்னான்: "அம்மா, அப்பாவோட கறுப்பு பொம்மை."

ஓரம் கட்டி இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தேன். உறையோடுதான் கிடந்தது, அவன் ஷூவுக்கு நேர் கீழே. பெல்ட் போட்டிருந்ததால் அவனால் குனிய முடியவில்லை. ஒரு கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் கை இன்றைக்கும் என் கண் முன்னால் நிற்கிறது.

2016 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் காரோட்டிக்கொண்டிருந்த ஒரு தாயை அவருடைய நான்கு வயது மகன் பின்சீட்டிலிருந்து முதுகில் சுட்டான். முன்சீட்டுக்கு அடியில் இருந்த துப்பாக்கி பின்னால் சறுக்கி வந்திருந்தது. அவர் பிழைத்தார். அடுத்த மாதமே மில்வாக்கியில் அதே மாதிரி, இரண்டு வயதுக் குழந்தை. அந்தத் தாய் பிழைக்கவில்லை. எங்களுக்கு அப்படி நடந்த அன்று ராத்திரி இரண்டையும் படித்துவிட்டு என் கணவரை எழுப்பி உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. மறுநாள் வீட்டுக்குள் சுவரில் அடித்துப் பொருத்தும் பெட்டி வந்தது.

சீட்டுக்கு அடியில் வைப்பதை யாராவது "கைக்கு எட்டும் தூரம்" என்று சொன்னால், யாருடைய கைக்கு என்று கேளுங்கள்.

*

இன்னொரு கோணத்தையும் சொல்கிறேன். நம்மவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை.

க்ரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் எச்-1பி, விசிட்டர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம் வீடுகளில் யார் யார் கார் ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு க்ரீன் கார்டு. என் மச்சானுக்கு எச்-1பி. அவன் கார் ரிப்பேரில் இருந்ததால், ஏர்போர்ட்டுக்குப் போக என் காரை எடுத்துப் போனான். கன்சோலில் என் துப்பாக்கி இருப்பதை நானே மறந்துவிட்டேன்.

வேகமாகப் போனதற்குப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. "காரில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" "இல்லை சார்." அவனுக்கு நிஜமாகவே தெரியாது. ரெஜிஸ்ட்ரேஷன் காகிதம் கேட்டதற்குக் கன்சோலைத் திறக்கக் கை கொண்டுபோனவன், ஃபோனிலேயே படம் இருப்பது ஞாபகம் வந்து அதைக் காட்டியிருக்கிறான். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வந்து சிரித்துக்கொண்டே கதை சொன்னான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இல்லை என்று சொன்ன மறுநொடி அவன் கன்சோலைத் திறந்து, உள்ளே துப்பாக்கி இருப்பதை அந்த அதிகாரி பார்த்திருந்தால்? 2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்தியபோது, ஃபிலாண்டோ கஸ்டீல் என்பவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். அவரிடம் பெர்மிட்டும் இருந்தது. சொன்ன சில நொடிகளில் அந்தப் போலீஸ்காரர் அவரைச் சுட்டுவிட்டார், இறந்துபோனார்.

மச்சானிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருவார், சில நாள் அவரே ஓட்டுவார். குடும்பமே மாறி மாறி ஓட்டும் காரில் ஒருவருடைய துப்பாக்கி இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

*

நான் வைத்திருக்கிறேன். காரணத்தையும் கேளுங்கள்.

நர்ஸ் வேலை, இரவு ஷிஃப்ட். ஒரு பழைய நோயாளியின் உறவினர் மூன்று மாதம் என்னைப் பின்தொடர்ந்தார். புகார் கொடுத்தேன், கோர்ட் தடை உத்தரவும் வாங்கினேன். ஆனால் நள்ளிரவுக்கு மேல் நாற்பது மைல் தனியாக ஓட்டிப் போகிறவளுக்கு ஒரு காகிதம் மட்டும் தைரியம் தந்துவிடாது. வேலை செய்யும் இடத்துக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை, அது சரிதான். பூட்டிய காரில் வைப்பதை 2011-லிருந்து டெக்சஸில் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. ஆக, என்னைப் போன்றவர்களுக்குக் கார்தான் மிச்சம்.

ஆனால் எப்படி வைக்கிறேன் என்பதுதான் முக்கியம். டிக்கியில் இரும்புப் பெட்டி. அதன் கேபிள் அடித்தளத்தில் இருக்கும் வளையத்தில் மாட்டியிருக்கிறது. பெட்டிச் சாவி கார் சாவிக் கொத்தில் இல்லை, தனியாக என் கழுத்தில். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வந்து நின்று டிக்கியைத் திறந்து வைப்பதும் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டிலேயே பூட்டிவிட்டுக் கிளம்புவேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் துப்பாக்கி வீட்டுக்குள் வந்துவிடும், ஒரு ராத்திரிகூடக் காரில் தங்காது. காரில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். உள்ளே இருக்கிறது என்று திருடனுக்கு எழுதி வைத்த மாதிரி அது. வலுவான போல்ட் கட்டர் இருந்தால் என் கேபிளும் தாங்காது என்று தெரியும். வெறுங்கையோடு வருகிறவன் பதினோரு நொடியில் எடுத்துப் போக முடியாது, அது போதும்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை பெட்ரோல் போடும் இடத்திலிருந்து ஒரு வண்டி என் பின்னாலேயே வந்தது. இரண்டு எக்ஸிட் தாண்டியும் விடவில்லை. டிக்கியில் பூட்டிக் கிடந்த துப்பாக்கி அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. 911-ஐக் கூப்பிட்டு, பேசிக்கொண்டே நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டினேன். வாசலில் வெளிச்சம், ஆட்கள். அந்த வண்டி திரும்பிப் போய்விட்டது. அப்படியானால் எதற்கு வைத்திருக்கிறாய் என்று என் அக்கா கேட்டாள். காரிலிருந்து இறங்கி வீட்டுக் கதவு வரை நடக்கிற தூரத்துக்கு. வீட்டு வாசலில் இறங்கியதும் டிக்கியிலிருந்து எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்வேன், அவ்வளவுதான். அந்தத் தடை உத்தரவு முடிந்த பிறகும் வைத்திருப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

*

சின்ன விஷயம்தான், ஆனால் மாட்டிக்கொள்ள வைக்கும். தபால் நிலையத்தின் பார்க்கிங்கும் தபால் துறை இடம்தான். அங்கே பூட்டிய காருக்குள் வைத்திருந்தாலும் ஃபெடரல் விதிப்படி தப்பு. 2015-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. நான் ஒரு வருஷமாகத் தெரியாமல் செய்துகொண்டிருந்தேன்.

மாநிலம் தாண்டிப் போகிறவர்களுக்கு: 1986 சட்டம் பயணிகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும் கன்சோலும் அந்தக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும் வருகிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்த பிறகு "யாருமே வைக்கக் கூடாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்கு ஒரு முடிவுத் தேதியும் இருக்கிறது, தினமும் செய்கிற வேலையும் இருக்கிறது. எனக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எங்கேயாவது வைக்க வேண்டும், காரில் வைத்தேன். துப்பாக்கி தேவைப்பட்டதால் அங்கே இருக்கவில்லை, எடுத்து உள்ளே கொண்டுபோகச் சோம்பல்பட்டதால் இருந்தது.

சிலர் தனியாகக் கேட்டார்கள், அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே என்று. போன மாதம் கடிதம் வந்தது. வழக்கு முடிந்துவிட்டது, உரியவர் அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று. வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றுதான் மனைவி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தடவை அதை என் கையை விட்டுப் போக விட்டது போதும். வீட்டில் துணி அலமாரிக்குள் சுவரோடு சேர்த்து ஒரு பெட்டி பொருத்தியாகிவிட்டது, நான்கு போல்ட், எண் பூட்டு. சீரியல் நம்பரை எழுதி மனைவியின் ஃபைலில் வைத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். திரும்பி வரும்போது எங்கேயும் நிறுத்தாமல் நேராக வீட்டுக்கு வருவதாக இருக்கிறேன்.