ஜெயில் ஆய்வுக்கு ஆலோசனைக் குழு: யாரைச் சேர்க்கலாம்?

கேள்வி: பாலக்காடு பக்கம் ஒரு ஜெயிலில் ஹெச்ஐவி, போதை ஊசி பற்றி ஆய்வு தொடங்கப் போறோம். தமிழ், மலையாளம் ரெண்டும் பேசுறவங்க இருக்காங்க. ஆய்வுக்கு ஆலோசனை சொல்ற சமூகக் குழுவை எப்படி அமைக்கலாம்?

பதில் 1: எட்டுப் பத்துப் பேர் போதும். பாதிப் பேராவது ஜெயிலுக்குப் போய் வந்தவங்களா இருக்கணும். வார்டரைப் போடாதீங்க சார், ஊசி பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. கேள்வித்தாள் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே குழுவைக் கூட்டுங்க. அப்புறம் கூட்டினா அது கண்துடைப்புதான்.

பதில் 2: 2017 ஹெச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாம பரிசோதனை கூடாது. சம்மதப் படிவம் ரெண்டு மொழியிலும் வேணும், வாசிச்சும் காட்டணும். கைநாட்டு வைக்கிறவருக்கு ஜெயில் ஊழியர் சாட்சியா நிக்கக் கூடாது. ரகசியம் கசியுற பெரிய ஓட்டை எங்கேன்னா, பாசிட்டிவ் வந்தவரை மட்டும் மறுபடி அறைக்குக் கூப்பிடுறது. பிளாக் முழுக்கத் தெரிஞ்சுடும். நெகட்டிவ் வந்தவங்களையும் கூப்பிட்டு அதே நேர அளவுக்கு உட்கார வைங்க. எந்த அறை, எந்த நேரம்னு குழுவையே கேளுங்க.

பதில் 3: விசாரணைக் கைதிக்குத் திடீர்னு ஜாமீன் கிடைச்சுடும், ஹெச்ஐவி மாத்திரையும் நின்னுடும். வெளியே எந்த ஏஆர்டி மையம் (ஹெச்ஐவி மாத்திரை கொடுக்கிற இடம்)னு முதல் நாளே எழுதிக் கொடுத்துடுங்க. திருப்பூர், கோவைக்காரங்களுக்கு அவங்க ஊர் மையம்.