மறு: ‘ஆர் வேல்யூ’வுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

> ‘குளிர்தாங்கு எண்’ என்று வைக்கலாமே. பாய் எவ்வளவு குளிர் தாங்கும் என்பதுதானே அது?

ஐயா, வணக்கம்.

கூடாரத்தில் தரையில் விரிக்கும் பாய்களின் மேல் அச்சிடும் ‘ஆர் வேல்யூ’ (R-value) என்ற எண்ணுக்கு நீங்கள் சொன்ன ‘குளிர்தாங்கு எண்’ கேட்டவுடன் புரிகிற சொல்தான். ஆனால் ‘தாங்கு’ என்று போட்டால், இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று வாங்குபவர் எடுத்துக்கொள்வார். தூக்கப்பைகளில் (ஸ்லீப்பிங் பேக்) அப்படி டிகிரிக் கணக்கு உண்டு, பாய்க்குப் பொதுவாக அப்படிக் கிடையாது. நம் உடற்சூடு தரைக்கு இறங்குவதைப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பு 2018-இல் வெளியிட்ட எஃப் 3340 தரமுறைப்படி, காற்றடைத்த பாயை ஒரு சூடான தட்டுக்கும் ஒரு குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து, சூடான தட்டின் வெப்பநிலை இறங்காமலிருக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளக்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘வெப்பத்தடை எண்’. மின்தடையைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். தொடரிணைப்பில் தடைகளைக் கூட்ட வேண்டும் என்பதும் தெரியும். இங்கும் அதே கணக்குதான். 2 உள்ள நுரைப்பாயின் மேல் 3.5 உள்ள காற்றுப்பாயை விரித்தால் 5.5. பனியில் படுக்கப் போகிறவருக்கு இந்தக் கூட்டல் தெரிந்தால் போதும், புதிதாக ஒரு விலையுயர்ந்த பாய் வாங்க வேண்டியதில்லை. ‘குளிர்தாங்கு’ என்ற சொல்லில் கூட்டலாம் என்ற எண்ணமே வராது.

‘வெப்பத்தடை’ கூரைத் தகடு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டுமே, கட்டடத் துறையிலும் இதே அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பாயின் மேல் அச்சிடுவது அமெரிக்க அலகில். அனைத்துலக அலகுக்கு மாற்ற 5.68-ஆல் வகுக்க வேண்டும். 4 என்பது ஏறக்குறைய 0.7 ஆகிவிடும். அகராதிப் பதிவில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

> இன்ஃப்ளேட்டபிள் மேட் = ஊதுபாய்

சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இப்போது பலர் வாயால் ஊதுவதில்லை. மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும் என்பதால் காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் ஒரு பையால் நிரப்புகிறார்கள். ‘செல்ஃப் இன்ஃப்ளேட்டிங்’ வகைக்கு ‘தானூதி’ என்றால் இன்னும் சிக்கல்: அது ஊதவே செய்யாது. அடைப்பைத் திறந்ததும் அமுங்கியிருந்த நுரை விரிந்து காற்றை உள்ளே இழுக்கும்.

உள்ளே இருப்பதை வைத்தே பெயரிடலாம்: நுரைப்பாய், காற்றுப்பாய், நுரைக்காற்றுப்பாய். வாங்குகிறவருக்கு இதுதான் உதவும். வெறும் காற்று மட்டும் அடைத்த தடித்த மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். நல்ல காற்றுப்பாய்களில் சூட்டைத் திருப்பும் படலமோ செயற்கை இழையோ இறகோ வைத்துத் தைப்பது அதனால்தான்.

இந்த எண் எப்படி உதவும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பொறுப்போடு பெரும்பாலான திறந்த நிலங்களில் கூடாரம் போடலாம். ஆனால் உச்சிப் பள்ளங்களில் மே மாதத்திலும் பனி கிடக்கும். கோடைக்கு வெப்பத்தடை எண் 2 அல்லது 3 போதும், வசந்தத்தில் 4-க்குக் குறைந்தால் இடுப்பு சில்லிடும். (மரமே இல்லாத அந்த மேட்டில் படுப்பதை, அதாவது ‘வைல்டு கேம்ப்பிங்’கை, ‘காட்டு முகாம்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அதற்குத் தனி இழை தொடங்க வேண்டும்.)

எதிர்ப்பு இல்லையென்றால் ‘வெப்பத்தடை எண்’ணை விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். ‘குளோஸ்டு செல்’ நுரைக்கு ‘மூடறை நுரை’ சரிவருமா? நீர் உறிஞ்சாத வகை என்பது சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.